வசனமும் நோட்ஸும் ஒரே தாளில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கம் கொயர் நடத்துகிறவர்களும் பள்ளி ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: பாட்டுக்கு நடுவே பேச்சு வருகிறது, அதை நோட்டேஷன் மென்பொருளில், அதாவது நோட்ஸ் என்னும் இசைக்குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் எழுதும் மென்பொருளில், எங்கே, எப்படி எழுதுவது? நான் சொல்லிவந்த பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டைப் புரட்சி பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய 12 நிமிட நிகழ்ச்சியிலிருந்து வருபவை. ஒருவர் கதை சொல்வார், பிள்ளைகள் பாடுவார்கள், கூடவே ஒரு கீபோர்டு, ஒரு தபலா. அவ்வளவுதான் குழு.

வசனத்தைத் தனியாக டைப் செய்து கொடுத்தால் போதாதா? நோட்ஸுக்குள் எதற்கு?

போதாது. நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் வசனம் வாசித்த அக்காவிடம் வசனம் மட்டும் இருந்த தாள், கீபோர்டு தம்பியிடம் நோட்ஸ் மட்டும் இருந்த தாள். நோட்ஸில் நான் எழுதியிருந்தது ‘வாசிப்பவர் முடித்ததும்’ என்று இரண்டு வார்த்தை. அக்கா ஒரு பத்தி முடித்து மூச்சு வாங்கினார்கள், தம்பி முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டான், அக்காவுக்கு இன்னும் இரண்டு பத்தி பாக்கி. பிள்ளைகளில் பாதிப் பேர் பாட, பாதிப் பேர் அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசி வரி எது என்று தம்பிக்குத் தெரிந்திருந்தால் இது நடந்தே இருக்காது.

இன்னொரு சங்கடம் தமிழுக்கே உரியது. ‘வாசிப்பவர்’ என்றால் புத்தகம் வாசிப்பவரும் ஆகும், கீபோர்டு வாசிப்பவரும் ஆகும். அதனால் இப்போது தாளில் அந்தச் சொல்லையே எழுதுவதில்லை. பேசுகிறவர் என் தாளில் எப்போதும் ‘கதை சொல்பவர்’, கருவிக்காரர்கள் அவரவர் கருவியின் பெயரில் வருவார்கள்.

எந்த மென்பொருளில் செய்யலாம் அண்ணா?

கையில் காசு இல்லையென்றால் மியூஸ்ஸ்கோர். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், 2022 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்புக்குப் பிறகு பார்க்கவும் கேட்கவும் நன்றாகவே இருக்கிறது. கீழே நான் சொல்லும் ஷார்ட்கட்கள் எல்லாம் அதற்குரியவை. சிபேலியஸ், டோரிகோ இரண்டின் முழுப் பதிப்புகளும் பணம் கொடுத்து வாங்குபவை, பெரிய வேலைக்கு ஏற்றவை, வசனத்துக்கென்று தனி டெக்ஸ்ட் ஃப்ரேம் வைக்க டோரிகோ ரொம்ப வசதி. ஃபினாலே வைத்திருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: 2024 ஆகஸ்ட் 26 அன்று அதை இனி வளர்க்கப்போவதில்லை என்று அதன் நிறுவனமே அறிவித்துவிட்டது. பழைய ஃபைல்களை இப்போதே, மற்ற நோட்டேஷன் மென்பொருள்களும் திறக்கக்கூடிய மியூசிக் எக்ஸ்எம்எல் ஃபைலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கம்ப்யூட்டர் மாற்றும் நாளில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். டைப் செய்தே நோட்ஸ் எழுதும் லில்லிபாண்ட் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மியூஸ்ஸ்கோரில் டெக்ஸ்ட் வகை ஏகப்பட்டது இருக்கிறதே, வசனத்துக்கு எது?

வசனம் எந்த வகை என்பதைப் பொறுத்தது. நான் மூன்றாகப் பிரித்துக்கொள்வேன்.

இசை நின்றுவிட்டது, கதை சொல்பவர் மட்டும் பேசுகிறார் என்றால் டெக்ஸ்ட் ஃப்ரேம். ஆட் மெனுவில் ஃப்ரேம்ஸ் என்பதற்குள் இருக்கிறது. எந்த மெஷருக்கு (நோட்ஸில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள பகுதி) முன்னால் வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஃப்ரேமை நுழைத்தால், மேலே உள்ள வரியும் கீழே உள்ள வரியும் விலகி நடுவில் இடம் கிடைக்கும், அதில் முழுப் பத்தியையும் டைப் செய்யலாம். மென்பொருளே இசையை ஒலித்துக் காட்டும் ப்ளேபேக்குக்கு இந்த ஃப்ரேம் இருப்பதே தெரியாது, நிற்காமல் அடுத்த மெஷருக்குப் போய்விடும். நிற்க வேண்டுமென்றால் அதற்கு முந்தைய மெஷரில் செக்ஷன் பிரேக் வையுங்கள், அதில் எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்றும் கொடுக்கலாம். ஆனால் செக்ஷன் பிரேக் மெஷர் எண்ணை மறுபடி 1-லிருந்து ஆரம்பிக்கும், அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ரிகர்சலில் ‘14-ஆம் மெஷர்’ என்று சொன்னால் இரண்டு பேர் இரண்டு இடத்தில் இருப்பார்கள்.

இசை பின்னால் ஓடிக்கொண்டிருக்க, மேலே பேச்சு சுதந்திரமாக வருகிறது என்றால் சிஸ்டம் டெக்ஸ்ட், அதாவது கண்ட்ரோல், ஷிஃப்ட், டி. கண்ட்ரோல், டி அழுத்தினால் வருவது ஸ்டாஃப் டெக்ஸ்ட், அது அந்த ஒரு கருவியின் தாளில் மட்டும்தான் தெரியும். சிஸ்டம் டெக்ஸ்ட் எல்லார் பார்ட்டிலும், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் தனியாக எடுக்கும் தாளிலும், வரும். கதை சொல்பவர் எங்கே இருக்கிறார் என்பது தபலாக்காரருக்கும் தெரிய வேண்டும், அதனால் வசனத்துக்கு இதுதான் சரி.

மூன்றாவது, தாளத்தோடு பேசுவது. அது லிரிக்ஸ், கண்ட்ரோல், எல். அதைப் பற்றிக் கீழே விரிவாக.

இசையின் மேல் பேசும்போது நேரத்தை எப்படிப் பொருத்துவது? ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வருகிறதே?

இந்த வேலையில் கஷ்டமான இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பேச்சை அளந்துவிடுங்கள், மனசுக்குள் படித்து அளக்கக் கூடாது, பேசப்போகிறவரே மேடையில் பேசும் குரலில் பேச வேண்டும். என் நிகழ்ச்சியில் ஓர் இடம்: கோட்டைக்குள் கலகம் மூண்ட செய்தி ஆற்காட்டுக்குப் போகிறது, அங்கிருந்து பிரிட்டிஷ் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வேலூரை நோக்கி வருகிறார், சுமார் 25 கிலோமீட்டர். இதைக் கதை சொல்பவர் சொல்லும்போது தபலா குதிரைக் குளம்பு மாதிரி ஓடும், கீபோர்டு இடது கையில் ஒற்றை சுரம் மட்டும். பேச்சு 24 விநாடி வந்தது. வேகம் நிமிடத்துக்கு 100 பீட் என்றால் 24 விநாடிக்கு 40 பீட், நான்கு பீட் மெஷரில் பத்து மெஷர். கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் பத்து மெஷரையும் அப்படியே எழுதி முடித்துவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். மேடை ஏறியதும் பேச்சு வேகமாகிவிடும், 24 விநாடி 20 ஆகிவிடும், அல்லது மைக் சரியில்லை என்று ஒரு வரியைத் திரும்பச் சொல்வார், 28 ஆகிவிடும். அதனால் நான் எட்டு மெஷரை நேராக எழுதுவேன், பிறகு இரண்டு மெஷரை ரிப்பீட் குறிக்குள் போடுவேன், அதன் மேல் ‘கடைசி வரி கேட்கும் வரை திரும்பத் திரும்ப’ என்று சிஸ்டம் டெக்ஸ்டில் எழுதுவேன். அந்தக் கடைசி வரியைச் சுருக்காமல் முழுசாக, மேற்கோள் குறிக்குள், தடித்த எழுத்தில் போடுவேன்: ‘தூரத்தில் கோட்டை மதில் தெரிந்தது.’ அடுத்த மெஷரிலேயே கொயர் உள்ளே வரும்.

அந்தக் கடைசி வரியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. அதே வார்த்தைகள் அந்தப் பத்தியில் வேறு எங்கும் வரக் கூடாது. முதலில் நான் ‘கோட்டை’ என்ற ஒரு சொல்லைத்தான் குறியாக வைத்திருந்தேன், பத்தியில் ‘கோட்டை’ மூன்று முறை வந்தது, தபலாத் தம்பி முதல் ‘கோட்டை’யிலேயே நிறுத்திவிட்டான். குற்றம் அவனுடையது அல்ல, தாளில் இருந்ததை அப்படியே செய்தான்.

ப்ளேபேக்கில் அந்த ரிப்பீட் எத்தனை முறை ஓட வேண்டும் என்பதை ரிப்பீட் முடியும் இடத்தின் ப்ராப்பர்ட்டீஸில் ப்ளே கவுண்ட் என்று மாற்றலாம். இரண்டு முறை போதும்.

தாளத்தோடு பேசுவதை எப்படி எழுதுவது? சுரம் வேண்டாம், லயம் மட்டும் வேண்டும்.

நோட்டுத் தலைக்குப் பதில் பெருக்கல் குறி. உலகம் முழுக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மியூஸ்ஸ்கோரில் நோட்டுகளைத் தேர்ந்தெடுத்துவிட்டு நோட்ஹெட்ஸ் பேலட்டில் கிராஸ் என்பதை அழுத்தினால் மாறிவிடும். பேச்சு மட்டும்தான் என்றால் நோட்டுகள் உட்காரும் ஐந்து கோட்டு ஸ்டாஃபே வேண்டாம், ஒற்றைக் கோடு உள்ள தாளக் கருவி ஒன்றைச் சேர்த்து அதன் பெயரை மாற்றிவிட்டு மிக்ஸரில் மியூட் செய்துவிடுங்கள். பார்க்கிறவருக்கு ‘இங்கே பாட வேண்டாம்’ என்பது ஒரே பார்வையில் புரியும்.

பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில், சுரத்தைத் தொட்டுவிட்டு நழுவும் பேச்சும் உண்டு. ஆர்னால்ட் ஷோன்பெர்க் 1912-இல் எழுதிய ‘பியரோ லூனேர்’ அதற்குப் பெயர் பெற்றது, அதில் நோட்டின் தண்டின் மேல் சிறிய பெருக்கல் குறி இருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம், லயம் மட்டும் போதும்.

தமிழில் லயத்தை எங்கிருந்து எடுப்பது என்றால் சொல்லிலிருந்தே எடுக்கலாம், குறிலும் நெடிலும் பாதி வேலையைச் செய்து வைத்திருக்கின்றன. புரட்சிக்கு ஒரு காரணம் 1805 நவம்பரில் சிப்பாய்களுக்கு வந்த உத்தரவு: புது மாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும், நெற்றியில் சமயக் குறி கூடாது. நிகழ்ச்சியில் பிள்ளைகள் ‘தலைப்பாகை, தலைப்பாகை’ என்று கிசுகிசுப்பாக ஆரம்பித்துச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். முதலில் நான்கு அசைக்கும் நான்கு சமமான குவார்ட்டர் நோட்டு (ஒவ்வொன்றும் ஒரு பீட்) எழுதினேன், கடிகாரம் மாதிரி உயிரில்லாமல் கேட்டது. பிறகு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ‘த’ குறில், சட்டென்று போய்விடுகிறது, அது அரை பீட். ‘லைப்’ அடுத்த ‘ப்’பில் போய் உட்கார்கிறது, ஒன்றரை பீட். ‘பா’ ஒன்று, ‘கை’ ஒன்று. மொத்தம் நான்கு. எழுதிக் கொடுத்த அன்றைக்கே பிள்ளைகள் சொல்லிக்கொடுக்காமலே பிடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் அவர்கள் பேசுவதே அப்படித்தான்.

லிரிக்ஸில் தமிழ்ச் சொல்லை எப்படிப் பிரிப்பது?

புள்ளி வைத்த எழுத்து ஒருபோதும் ஒரு நோட்டின் முதல் எழுத்தாக வரக் கூடாது, முந்தைய அசையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ‘கோட்டைக் கதவு திறந்தது’ என்றால் கோட்-டைக் க-த-வு தி-றந்-த-து. ‘டைக்’ என்பதில் உள்ள அந்த ‘க்’கை விட்டுவிடாதீர்கள், பாடும்போது விட்டால்கூடக் காதில் குறையாகத் தெரியும். அசைக்கு நடுவே ஹைஃபன் கீ, சொல் முடிந்ததும் ஸ்பேஸ், ஓர் அசையை அடுத்த நோட்டுக்கும் இழுக்க வேண்டுமென்றால் அண்டர்ஸ்கோர். ஒரே நோட்டுக்குக் கீழே இரண்டு சொல் வர வேண்டுமானால் கண்ட்ரோலோடு ஸ்பேஸ்.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது, அல்லது இங்கிலீஷ் எழுத்தாக வருகிறது, என்ன செய்வது?

கட்டம் வந்தால் ஃபாண்டில் தமிழ் இல்லை என்று அர்த்தம். மியூஸ்ஸ்கோர் தானாக எடுத்துக்கொள்வது எட்வின் என்ற ஃபாண்ட், அது ஆங்கிலத்துக்கானது. ஃபார்மட் மெனுவில் ஸ்டைல், அதில் டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ், அங்கே லிரிக்ஸ், ஸ்டாஃப், சிஸ்டம், ஃப்ரேம் என்று ஒவ்வொன்றுக்கும் நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது விண்டோஸிலேயே இருக்கும் நிர்மலா கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வசனமாகத் தேடித்தேடி மாற்றாதீர்கள், ஸ்டைலில் ஒருமுறை செய்தால் போதும்.

இங்கிலீஷ் எழுத்தும் குறியுமாக வந்தால் வசனம் பாமினி, வானவில் மாதிரி பழைய முறையில் டைப் செய்யப்பட்டிருக்கிறது. யூனிகோடாக மாற்றிய பிறகுதான் ஒட்ட வேண்டும்.

கீழே தொங்கும் ‘கு’, ‘டு’, மேலே வளையும் ‘கி’, ‘தீ’ எல்லாம் ஆங்கில எழுத்தைவிட அதிக உயரம் கேட்கும். இரண்டு சரணம் ஒன்றின் கீழ் ஒன்று வந்தால் லிரிக்ஸ் வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள்.

பேச்சு கேட்கவே இல்லை, இசை மூடிவிடுகிறது. மைக்கைக் கூட்டினால் போதுமா?

மைக்கைத் தொடுவதற்கு முன் நோட்ஸைப் பாருங்கள். ஆண் பேசும்போது குரலின் அடிப்படை ஒலி பெரும்பாலும் 100, 150 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், பெண் குரல் 200-ஐ ஒட்டி. கீபோர்டில் மிடில் சி சுமார் 262. அப்படியானால் இடது கை தடித்த கார்டாகப் பிடிக்கும் இடமும் ஆண் குரல் பேசும் இடமும் ஒன்றுதான், இரண்டும் மோதும். பேச்சு வரும் மெஷர்களில் இடது கையை ஒற்றை சுரமாக்கி, வலது கையை மேலே ஏற்றி, நீண்ட நோட்டாக எழுதினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மெலடி வேண்டவே வேண்டாம், காது அதன் பின்னால் போய்விடும், வார்த்தை கேட்காது.

தெருக்கூத்தை இப்படி எழுத முடியுமா ஐயா? அதில் வசனம் தானே பெரும்பகுதி?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குச் சந்தோஷம், நம் பழைய வட ஆற்காட்டில் கேட்காமல் வேறு எங்கே கேட்பார்கள். பாரதம் நடக்கும் ஊர்களில் பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. செய்யாறு பக்கம் புரிசை, கண்ணப்பத் தம்பிரானின் ஊர், இந்தக் கலைக்குப் பெயர் பெற்றது. கூத்தில் விருத்தம் தாளம் இல்லாமல் வரும், பாட்டு தாளத்தோடு வரும், வசனம் நடுவில் வரும், கோமாளியாக வரும் கட்டியங்காரன் உள்ளே புகுந்தால் அது எவ்வளவு நேரம் போகும் என்பது அன்றைய ராத்திரிக்குத்தான் தெரியும்.

அதனால் பாட்டை முழுசாக எழுதுங்கள். விருத்தத்தை மெஷர் கோடு இல்லாமல் எழுதுங்கள்: மியூஸ்ஸ்கோரில் மெஷர் ப்ராப்பர்ட்டீஸில் நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம், லில்லிபாண்டில் கடென்சா ஆன் என்ற கட்டளை கொடுத்தால் கோடே விழாது. வசனத்தை மட்டும் தயவுசெய்து லயத்துக்குள் அடைக்காதீர்கள். டெக்ஸ்ட் ஃப்ரேமில் எடுப்பு வரியையும், மிருதங்கமும் முகவீணையும் மறுபடி உள்ளே வர வேண்டிய முடிப்பு வரியையும் போடுங்கள், நடுவில் ஆட்டக்காரர் இஷ்டம். முழு வசனத்தையும் பதிவு செய்ய ஆசைப்பட்டால் செய்யுங்கள், நல்ல வேலை, ஆனால் எந்த ஊரில் எந்த ராத்திரி பேசியது என்று அதன் மேலேயே எழுதிவிடுங்கள். அடுத்த ஊரில் அதே வசனம் அப்படியே வராது.

மென்பொருளே வசனத்தைப் பேசிக் காட்டுமா?

மியூஸ்ஸ்கோர் தானாகப் பேசாது, லிரிக்ஸைப் பாடவும் செய்யாது. ரிகர்சலுக்கு ஆடியோ வேண்டுமென்றால் இசையை வேவ் ஃபைலாக எடுத்துக்கொண்டு, கதை சொல்பவரின் குரலைப் போனில் பதிந்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் இரண்டு டிராக்காக அடுக்குங்கள். வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பினால் வீட்டிலேயே பழகிவிட்டு வருவார்கள்.

எனக்கு வேண்டியது நேர்மாறு. கட்டுரைதான் முக்கியம், நடுவில் இரண்டு வரி நோட்ஸ் வர வேண்டும்.

பாடப்புத்தகம், ஆய்வேடு எழுதுகிறவர்கள் கேட்பது இது. சின்ன வேலை என்றால் மியூஸ்ஸ்கோரிலிருந்து அந்த இரண்டு வரியை மட்டும் படமாக எடுத்து வேர்டில் ஒட்டிவிடுங்கள், எஸ்விஜி வகைப் படம் என்றால் பெரிதாக்கினாலும் உடையாது. நூறு பக்கம், ஐம்பது உதாரணம் என்றால் லில்லிபாண்ட். 1996-இல் தொடங்கிய இலவச மென்பொருள், அதோடு வரும் லில்லிபாண்ட்-புக் என்ற கருவி கட்டளை எழுதிப் பக்கம் அமைக்கும் லேடெக் மென்பொருளின் கட்டுரைக்குள்ளேயே நோட்ஸை எழுத விடும், ஒரு சுரத்தைத் திருத்தினால் புத்தகத்திலும் மாறிவிடும். தமிழை யூனிகோடில் அப்படியே ஏற்றுக்கொள்ளும். பழக ஒரு வாரம் ஆகும், அந்த வாரம் வீண் போகாது.

ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் வசனம் போய்விடுகிறதே?

மியூசிக் எக்ஸ்எம்எல் நோட்டையும் லிரிக்ஸையும் நன்றாகத் தூக்கிச் செல்லும், ஃப்ரேமில் உள்ள நீண்ட வசனத்தை நம்ப முடியாது. வசனம் முழுவதையும் மெஷர் எண்ணோடு ஒரு டெக்ஸ்ட் ஃபைலிலும் வைத்திருங்கள்.

பிரின்ட் எடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பிடிஎஃப் ஆக எடுத்துக்கொண்டுதான் ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டும். மியூஸ்ஸ்கோர் ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுபோய் அங்கே திறந்தால் உங்கள் ஃபாண்ட் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்காது, வரி எல்லாம் இடம் மாறிவிடும். அதற்கு முன் ஒவ்வொரு பார்ட்டையும் திறந்து வசனம் அதில் வந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், எல்லாக் கருவியும் சேர்ந்த மெயின் ஸ்கோரில் ஃப்ரேம் இருந்தும் பார்ட்டில் இல்லாமல் போவது உண்டு.

பக்கம் திருப்புவதை வசனத்தின் மேல் போடுங்கள், கருவிக்காரரின் கை அப்போதுதான் சும்மா இருக்கும். ஆனால் முடிப்பு வரி புதுப் பக்கத்தில், முதல் மெஷருக்கு மேலேயே இருக்க வேண்டும். குதிரைப் பகுதியில் தபலாத் தம்பிக்கு அப்படி ஓய்வு கிடையாது, அதனால் அந்த ஒரு பார்ட்டை மட்டும் இரண்டு ஏ4 தாளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஸ்டாண்டில் விரித்து வைத்துக் கொடுத்தேன்.

கதை சொல்பவருக்கும் முழு ஸ்கோர் கொடுக்க வேண்டுமா? அவருக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாதே.

முழு ஸ்கோர் வேண்டாம், ஆனால் வெறும் வசனத் தாளும் வேண்டாம். அவருக்கென்று ஒரு பார்ட் எடுங்கள்: பெரிய எழுத்தில் வசனம், அதற்கு முன்னால் கொயர் பாடும் கடைசி வரி, அந்த வரியின் நோட்ஸ் ஒரே ஒரு ஸ்டாஃபில். நோட்ஸ் படிக்கத் தெரியாதவர்கூட அது ஏறுகிறதா இறங்குகிறதா, நீள்கிறதா என்பதைப் பார்த்தே பிடித்துக்கொள்வார். எங்கள் கதை சொல்பவர் தமிழாசிரியர், நோட்ஸ் பக்கமே போகாதவர். இரண்டாவது ரிகர்சலில் அவரே பேனாவை எடுத்து, கொயரின் கடைசி நீண்ட நோட்டுக்கு மேலே ‘இங்கே மூச்சு’ என்று எழுதிக்கொண்டார். அதை நான் அப்படியே ஸ்கோரிலும் சிஸ்டம் டெக்ஸ்டாகச் சேர்த்துவிட்டேன்.